கடலடிக் கட்டுமான ஒலியும் கடல்வாழ் உயிரினங்களின் நடத்தையும்: வடகடல் தரும் படிப்பினைகள்

கடல் மாசடைதல் பற்றிப் பேசும்போது எண்ணெய்க் கசிவையும் இரசாயனக் கழிவையும் பிளாஸ்ரிக் பொருள்களையுமே நாம் பெரும்பாலும் கருத்திற் கொள்கின்றோம். இவை கண்ணுக்குப் புலனாவன, கரையில் ஒதுங்குவன, படம் பிடித்துக் காட்டத்தக்கன. மனிதன் கடலினுள் எழுப்பும் ஒலி இத்தகைய தடயம் எதனையும் விட்டுச் செல்வதில்லை. இயந்திரம் நிறுத்தப்பட்ட சில கணங்களில் நீர் முன்போலவே காட்சியளிக்கும். ஒலியின் விளைவை அந்நீரில் வாழும் உயிரினத்தின் நடத்தையிலேயே தேட வேண்டியுள்ளது. அது எங்கே நீந்துகின்றது, எவ்வளவு நேரம் இரை தேடுகின்றது, தன் குட்டியுடன் எவ்வாறு தொடர்பு கொள்கின்றது என்பனவற்றில் ஏற்படும் மாற்றங்களே அவ்விளைவாகும்.

இது ஒரு நடைமுறைச் சிக்கலைத் தோற்றுவிக்கின்றது. இறந்து ஒதுங்கிய மீன்களை எவரும் எண்ணலாம். வேறிடம் சென்றுவிட்ட விலங்குகளை எண்ணுவதற்கு, அவை முன்னர் அங்கே இருந்தன என்பது முதலில் நிறுவப்பட வேண்டும். கட்டுமானம் தொடங்குமுன் எவ்வித அளவீடும் செய்யப்படாத கடலில், கட்டுமானத்தினால் இழப்பு ஏதும் நிகழவில்லை என்று கூறுவது எளிது. அக்கூற்றை மறுப்பதற்கான ஆதாரம் எவரிடமும் இராது.

இவ்வகையில் வடமேற்கு ஐரோப்பாவின் வடகடல் விதிவிலக்கானது. இந்நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து டென்மார்க், ஜேர்மனி, பிரித்தானியா, நெதர்லாந்து, பெல்ஜியம் ஆகிய நாடுகள் அக்கடலில் பெருந்தொகையான காற்றாலைகளை நிறுவி வந்துள்ளன. அவற்றின் அத்திவாரங்கள் கடலடியில் அறையப்பட்டபோது, அருகில் வாழ்ந்த விலங்குகளின் நடத்தை உபகரணங்களின் துணையுடன் தொடர்ச்சியாக அவதானிக்கப்பட்டது. அவ்வவதானிப்புகளின் பயனாகச் சட்டங்களும் தொழினுட்பங்களும் உருவாயின. இவ்வனுபவத்தின் முக்கிய கூறுகளை விளக்கி, அதிலிருந்து நமது கடல்களுக்குப் பொருந்தும் முடிவு யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நீரினுள் ஒலி

தெளிந்த கடலிற்கூடச் சூரிய ஒளி ஏறத்தாழ 200 மீற்றர் ஆழத்துக்கு அப்பால் பயன்தரும் அளவிற் செல்வதில்லை. வடகடல் போன்ற கலங்கலான, ஆழங்குறைந்த கடல்களில் சில மீற்றர் தூரத்திலேயே பார்வை மங்கிவிடுகின்றது. ஒலியின் நிலை இதற்கு மாறானது. வளியில் ஒரு செக்கனில் ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும் ஒலி, கடல்நீரில் ஏறத்தாழ 1500 மீற்றர் செல்லும். தாழ்ந்த மீடிறன் கொண்ட ஒலிகள் நீரில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுவதால், அவை நெடுந்தூரம் பரவுகின்றன. ஆதலினாலேயே கடல்வாழ் விலங்குகள் பல, தரைவாழ் விலங்குகள் கண்ணினால் ஆற்றும் கருமங்களைச் செவியினால் ஆற்றுமாறு கூர்ப்படைந்துள்ளன. இரையையும் பகையையும் துணையையும் வழியையும் அவை ஒலியாலேயே அறிகின்றன.

ஒலியை அளக்கும் தெசிபெல் அலகு பற்றியும் ஈண்டு சிறிது கூறுதல் வேண்டும். இது ஒரு மடக்கை அளவை. 10 தெசிபெல் கூடும்போது ஒலிச்செறிவு பத்து மடங்காகின்றது. 20 தெசிபெல் கூடும்போது நூறு மடங்காகின்றது. வளியில் 20 மைக்குரோ பஸ்கால் அமுக்கத்தையும் நீரில் 1 மைக்குரோ பஸ்கால் அமுக்கத்தையும் அடிப்படையாகக் கொண்டே தெசிபெல் கணிக்கப்படுகின்றது. நீரின் அடர்த்தியும் ஒலிவேகமும் வளியினின்றும் வேறுபடுகின்றன. இவ்விரண்டையும் சேர்த்து நோக்கின், ஒரே செறிவுள்ள ஒலிக்கு நீரில் ஏறத்தாழ 62 தெசிபெல் கூடுதலான எண் கிடைக்கும். எனவே நீரின் 160 தெசிபெல்லை வளியின் 160 தெசிபெல்லுடன் ஒப்பிடுதல் தவறாகும். இக்கட்டுரையில் நாம் பெரும்பாலும் எடுத்தாள்வது 'ஒலி வெளிப்பாட்டு மட்டம்' எனப்படும் அளவையாகும். ஓர் அடியினால் எழும் ஒலியின் முழுச் சக்தியையும் ஒரு செக்கனுள் அடக்கிக் கணிப்பதால் இது பெறப்படுகின்றது.

தூண் அறையப்படும் முறை

வடகடலின் காற்றாலைகளுட் பெரும்பாலானவை ஒற்றை உருக்குத் தூணின்மீது நிற்பவை. உள்ளீடற்ற குழாய் வடிவினதான இத்தூண், கப்பலிலிருந்து கடலடியில் நிறுத்தப்பட்டு, நீரியல் முறையில் இயங்கும் பெருஞ் சம்மட்டியினால் அறையப்படுகின்றது. டென்மார்க்கின் மேற்குக் கரைக்கு அப்பால் 2002 இல் நிறுவப்பட்ட முதலாவது ஹோர்ன்ஸ் ரெவ் காற்றாலைத் தொகுதியின் தூண்கள் ஏறத்தாழ 4 மீற்றர் விட்டமுடையவை. பிற்காலத்துத் தூண்கள் இதன் இருமடங்கையும் தாண்டியுள்ளன. ஒரு தூணை உரிய ஆழத்துக்கு இறக்குவதற்குப் பல நூறு முதல் சில ஆயிரம் அடிகள் வரை தேவைப்படுகின்றன.

ஒவ்வோர் அடியும் தூணின் உச்சியை அமுக்கும்போது, அதன் சுவர் மிகச் சிறிதளவு புடைக்கின்றது. அப்புடைப்பு உருக்கினூடாக ஒரு செக்கனில் ஏறத்தாழ 5000 மீற்றர் வேகத்தில் கீழ்நோக்கி ஓடுகின்றது. நீரில் ஒலி செல்லும் வேகத்திலும் இது மூன்று மடங்குக்கு மேலானது. எனவே ஒலியை விஞ்சிப் பறக்கும் விமானத்தின் பின்னால் எழும் அதிர்வலையைப் போன்று, தூணைச் சுற்றிலும் கூம்பு வடிவில் ஒலியலை பரவுகின்றது. அதன் ஒரு பகுதி கடலடி மண்ணினுள்ளும் புகுந்து, அப்பாலுள்ள ஓரிடத்தில் மீண்டும் நீரினுள் வெளிப்படும். இவ்வொலியின் சக்தியிற் பெரும்பகுதி 1000 ஹேர்ட்ஸுக்குக் குறைந்த மீடிறன்களில் அமைந்துள்ளது.

கடற்பன்றியின் விலகல்

வடகடல் ஆய்வுகளில் முதன்மை பெற்ற விலங்கு, ஓங்கிலுக்கு உறவான கடற்பன்றி என்னும் சிறிய பல் திமிங்கிலமாகும். ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் நீளமும் 50 முதல் 60 கிலோகிராம் எடையும் கொண்ட இவ்விலங்கு, 130 கிலோஹேர்ட்ஸ் அளவிலான மிகக் குறுகிய சொடுக்கொலிகளை எழுப்பி, அவற்றின் எதிரொலியைக் கொண்டு இரையைக் கண்டறிகின்றது. மனிதச் செவிக்குப் புலப்படாத இவ்வொலி ஆய்வாளருக்குப் பெருவாய்ப்பாக அமைந்தது. சொடுக்கொலிகளைத் தானாகவே பதிவு செய்யும் உபகரணங்களைக் கடலடியில் பல தூரங்களில் நங்கூரமிட்டு வைத்தால், இரவு பகல் என்ற வேறுபாடின்றிக் கடற்பன்றிகளின் வரவையும் விலகலையும் அறியலாம்.

இரண்டாவது ஹோர்ன்ஸ் ரெவ் தொகுதியின் 91 காற்றாலைகளுக்கான தூண்கள் 2008 இல் அறையப்பட்டபோது இம்முறை கையாளப்பட்டது. மிரியம் பிரான்ட் என்பவரும் அவருடன் பணியாற்றியோரும் 2011 இல் வெளியிட்ட முடிவுகள் இத்துறையில் ஒரு திருப்பத்தை ஏற்படுத்தின. தூணிலிருந்து ஏறத்தாழ 720 மீற்றர் தூரத்தில் ஒலி வெளிப்பாட்டு மட்டம் 176 தெசிபெல்லாக இருந்தது. 2.6 கிலோமீற்றர் தூரத்தில், அறைதல் முடிந்த முதல் மணித்தியாலத்தில் கடற்பன்றியின் ஒலி முற்றாக அற்றுப்போயிற்று; வழமையான நிலை திரும்புவதற்கு 24 முதல் 72 மணித்தியாலங்கள் வரை சென்றன. தூரம் கூடக்கூட இக்கால அளவு குறைந்தது. ஆயினும் சராசரியாக 17.8 கிலோமீற்றர் வரை பாதிப்பு உணரப்பட்டது. 22 கிலோமீற்றர் தூரத்திலோ கடற்பன்றிகளின் ஒலி தற்காலிகமாகக் கூடியது. விலகிச் சென்றவை அங்கே ஒதுங்கியிருக்கலாம் என்று கருத இடமுண்டு.

17.8 கிலோமீற்றர் ஆரையுடைய வட்டம் ஏறத்தாழ 1000 சதுர கிலோமீற்றர் பரப்பினை உள்ளடக்கும். யாழ்ப்பாண மாவட்டத்தின் முழுப் பரப்பும் ஏறத்தாழ இவ்வளவே என்பதை நோக்கின், ஒரு தனித் தூணின் ஒலி எட்டும் எல்லையை நாம் ஓரளவு உணரலாம்.

இவ்வாய்வின் மிக முக்கியமான முடிவு வேறொன்றாகும். தூணிலிருந்து 4.7 கிலோமீற்றர் வரையான பகுதியில், விலங்குகள் மீள்வதற்குத் தேவைப்பட்ட காலம், ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் இடைப்பட்ட ஓய்வு நேரத்திலும் பெரும்பாலும் நீண்டதாயிருந்தது. முதல் அறைதலின் விளைவு நீங்குமுன் அடுத்த அறைதல் தொடங்கியது. இதனால், தனித்தனியே நோக்கும்போது 'தற்காலிகமானது' எனத்தக்க பாதிப்புகள் ஒன்றோடொன்று இணைந்து, ஐந்து மாதக் கட்டுமானக் காலம் முழுவதும் நீடித்த பாதிப்பாயின. ஒரு தூணின் விளைவை மட்டும் மதிப்பிட்டு ஒரு திட்டத்துக்கு அனுமதி வழங்கும் நடைமுறையின் குறைபாட்டை இது தெளிவாக வெளிப்படுத்துகின்றது.

இங்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பு. ஒலி குறைந்தது என்பதனால் விலங்கு விலகிவிட்டது என்று துணியலாமா? அஞ்சிய விலங்கு அங்கேயே வாய்மூடி இருந்திருக்கலாமன்றோ? ஜேர்மனியின் போர்க்கும் தீவுக்கு வடக்கே 12 காற்றாலைகளைக் கொண்ட அல்பா வென்டுஸ் தொகுதி 2009 இல் அமைக்கப்பட்டபோது, நீரடி உபகரணங்களுடன் விமானக் கணக்கெடுப்பும் மேற்கொள்ளப்பட்டது. அறைதல் நிகழ்ந்த வேளையில் ஏறத்தாழ 20 கிலோமீற்றர் வரையான பரப்பினைக் கடற்பன்றிகள் தவிர்த்தமை இரு வழிகளாலும் உறுதியாயிற்று.

விலகலின் விலை

ஒரு விலங்கு சில நாள் வேறிடத்தில் வாழ்வதனால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கப்படலாம். விடை அவ்விலங்கின் உடற்றொழிலில் உள்ளது. குளிர்ந்த நீரில் வாழும் சிற்றுடல் விலங்கு வெப்பத்தை விரைவாக இழக்கின்றது. அதனை ஈடுசெய்ய இடைவிடாது உண்ண வேண்டும். டென்மார்க்கின் கடற்பகுதியில் கடற்பன்றிகளின் உடலிற் சிறு பதிவுக் கருவிகளைப் பொருத்தி நடத்தப்பட்ட ஆய்வொன்று 2016 இல் வெளியாயிற்று. அவ்விலங்குகள் இரவும் பகலும் இரை தேடின. மணித்தியாலத்துக்கு 550 வரையான சிறு மீன்களைப் பிடிக்க முயன்றன. அம்முயற்சிகளுள் நூற்றுக்கு 90 க்கு மேற்பட்டவை வெற்றி பெற்றன. இத்தகைய விலங்கிற்கு உணவின்றிக் கழியும் நாள் பெரும் நட்டமாகும்.

பருவமும் இதனுடன் தொடர்புடையது. வடகடலில் அலையடங்கிய கோடைகாலமே கட்டுமானத்துக்கு வாய்ப்பானது. கடற்பன்றி குட்டி ஈன்று பாலூட்டும் காலமும் அதுவே. தாய்க்கும் குட்டிக்கும் இடையிலான தொடர்பு பெரிதும் ஒலியினாலேயே பேணப்படுவதால், அக்காலத்தில் எழும் இடையூறு ஒரு விலங்கின் ஒருநாள் உணவோடு அமைந்துவிடுவதில்லை.

ஏனைய உயிரினங்கள்

எல்லா உயிரினங்களும் ஒரே வகையில் நடந்துகொள்வதில்லை. இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலுள்ள வொஷ் விரிகுடாவில் 2012 இல் கடல்நாய்களுக்குக் கருவி பொருத்தி ஆராய்ந்தபோது, தூண் அறையப்படும் வேளையில் 25 கிலோமீற்றர் வரை அவற்றின் நடமாட்டம் குறைந்தமை புலனாயிற்று. எனினும் அறைதல் நின்று இரண்டு மணித்தியாலங்களுள் அவை வழமைக்குத் திரும்பின. கடற்பன்றி நாட்கணக்கில் விலகியிருக்க, கடல்நாய் மணிக்கணக்கில் மீண்டது.

மீன்கள் ஒலியை இருவகையாக உணர்கின்றன. நீர்த் துணிக்கைகளின் அசைவை எல்லா மீன்களும் உட்செவியால் உணரும். காற்றுப்பையுடைய மீன்களுட் பல அமுக்க மாற்றத்தையும் உணரவல்லன. அயர்லாந்தின் லொக் ஹைன் என்னும் அமைதியான கடலேரியில், தூண் அறையும் ஒலியைப் போன்ற ஒலி நீரினுள் எழுப்பப்பட்டு, காட்டு மீன்கூட்டங்களின் நடத்தை அவதானிக்கப்பட்டது. 2014 இல் வெளியான அம்முடிவுகளின்படி, சாளையினத்துக்கு உறவான ஸ்பிராட் மீன்களின் கூட்டங்கள் சிதறின. கானாங்கெளுத்திக் கூட்டங்கள் ஆழத்தை மாற்றிக்கொண்டன. கூட்டமாய் இருத்தல் சிறுமீன்களின் தற்காப்பு என்பதை நோக்கின், சிதறுதலும் ஓர் இழப்பே ஆகும்.

ஐக்கிய அமெரிக்காவில் ஊசிக்கணவாய்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2020 இல் வெளியான பரிசோதனையொன்றில், பதிவு செய்யப்பட்ட அறைதலொலி கேட்டவுடன் அவை நிறம் மாறின, பீறிட்டுப் பாய்ந்தன, சில மை உமிழ்ந்தன. ஒலி தொடர்ந்தபோது இவ்வச்ச நடத்தை விரைவிற் குறைந்தது. ஆனால் 24 மணித்தியாலங்களின் பின் அதே ஒலி மீண்டும் எழுப்பப்பட்டபோது அச்சமும் மீண்டது.

இத்தகைய முடிவுகளைக் கொண்டு 'விலங்குகள் பழகிவிடும்' என்று வாதிடுவோர் உளர். ஸ்கொட்லாந்தின் மோறே கடற்கழியில் 2017 இல் பியற்றிஸ் தொகுதி அமைக்கப்பட்டபோது, கடற்பன்றிகளுட் பாதியளவில் எதிர்வினை காட்டக்கூடிய தூரம், முதற் தூணின்போது 7.4 கிலோமீற்றராகவும் இறுதித் தூணின்போது 1.3 கிலோமீற்றராகவும் இருந்தது. இதனைப் பழக்கம் எனக் கொள்ளலாம். ஆயின் வேறு விளக்கங்களும் உள. அச்சம் மிகுந்தவை முன்னரே விலகிவிட, ஏனையவை மட்டும் எஞ்சியிருக்கலாம். அல்லது பசி அச்சத்தை வென்றிருக்கலாம். இரைச்சலின் நடுவே இரை தேடும் விலங்கு பாதிப்பற்றது என்று கொள்வது, ஆலையின் பேரிரைச்சலிடையே வேலை செய்யும் தொழிலாளி அதனை விரும்பியே ஏற்றுக்கொண்டான் என்று கொள்வதனை ஒத்ததாகும்.

வரம்பும் தொழினுட்பமும்

ஒலி விளைவைக் கட்டுப்படுத்துவதில் நாடுகள் வெவ்வேறு வழிகளைக் கைக்கொண்டன. பிரித்தானியாவின் 2010 ஆம் ஆண்டு வழிகாட்டி நெறிகள், தூணைச் சுற்றி 500 மீற்றருள் கடல்வாழ் முலையூட்டிகள் உள்ளனவா என அவதானித்த பின், மெல்லிய அடிகளுடன் தொடங்கிப் படிப்படியாக வலுவைக் கூட்டும்படி கூறின. பெல்ஜியம் ஆண்டின் முதல் நான்கு மாதங்களில் தூண் அறைதலைத் தடைசெய்தது. ஜேர்மனி ஒலிக்கே ஓர் எண்வரம்பை விதித்தது. தூணிலிருந்து 750 மீற்றர் தூரத்தில் ஒலி வெளிப்பாட்டு மட்டம் 160 தெசிபெல்லையும், உச்ச மட்டம் 190 தெசிபெல்லையும் மேவலாகாது என்பதே அவ்வரம்பாகும்.

இவ்வெண் எங்கிருந்து பெறப்பட்டது? டென்மார்க்கில் வளர்க்கப்பட்ட கடற்பன்றியொன்றின் கேட்டல் திறன் வளித்துப்பாக்கியின் ஒலிக்கு முன்னும் பின்னும் அளக்கப்பட்டது. ஏறத்தாழ 164 தெசிபெல் ஒலி வெளிப்பாட்டில் அதன் கேட்டல் தற்காலிகமாக மழுங்கியமை 2009 இல் வெளியான ஆய்வில் அறிவிக்கப்பட்டது. அதற்குச் சற்றுக் கீழாகவே 160 என்ற வரம்பு அமைந்துள்ளது.

ஹோர்ன்ஸ் ரெவ்வில் பதிவான 176 தெசிபெல்லை 160 ஆகக் குறைப்பதென்பது, ஒலியின் சக்தியை ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்காக்குவதாகும். அக்காலத்தில் இதற்கான ஆயத்தத் தொழினுட்பம் எதுவும் சந்தையில் இருக்கவில்லை. வரம்பே தொழினுட்பத்தைத் தோற்றுவித்தது எனலாம். அதன் முதன்மையான வடிவம் குமிழித்திரையாகும். துளையிட்ட குழாயொன்று தூணைச் சுற்றிக் கடலடியில் வளையமாக இடப்படும். கப்பலிலுள்ள இயந்திரங்கள் அதனுள் வளியைச் செலுத்த, எழும் குமிழிகள் தூணைச் சூழ்ந்து ஒரு திரையாக அமையும். நீருக்கும் வளிக்கும் இடையிலான பெரும் அடர்த்தி வேறுபாட்டினால் ஒலி தெறிக்கின்றது. குமிழிகளின் அதிர்வினால் ஒரு பகுதி உறிஞ்சப்படுகின்றது. 1996 இல் ஹொங்கொங்கில் ஓங்கில்களைக் காக்கும் பொருட்டு இத்தகைய திரை பயன்பட்டபோது மொத்த ஒலி 3 முதல் 5 தெசிபெல் அளவிலேயே குறைந்தது. வடகடலில் இம்முறை மேம்படுத்தப்பட்டு 10 முதல் 15 தெசிபெல்லும், இரட்டைத் திரையினால் அதற்கு மேலும் குறைக்க முடிந்தது. நீரோட்டம் வலுவான இடங்களிலும் ஆழமான நீரிலும் இதன் பயன் குறையும். கடலடி மண்ணினூடாகச் செல்லும் ஒலியை இது தடுப்பதுமில்லை. இவ்வரையறைகளுக்கு உட்பட்டும், 2014 அளவிலிருந்து ஜேர்மன் கடலில் வரம்பு பெரும்பாலும் பேணப்பட்டு வந்துள்ளது.

ஆயினும் எண்வரம்போடு பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. 2009 முதல் 2013 வரை ஜேர்மன் கடலில் அமைக்கப்பட்ட ஏழு தொகுதிகளின் தரவுகளை ஒருங்கே ஆராய்ந்து 2018 இல் வெளியிட்ட ஆய்வாளர்கள், 143 தெசிபெல்லுக்கு மேற்பட்ட ஒலி நிலவிய இடங்களிற் கடற்பன்றிகள் குறைந்தமையைக் கண்டனர். ஒலிகுறைக்கும் ஏற்பாடு இல்லாதபோது பாதிப்பு 17 கிலோமீற்றர் வரையும், அவ்வேற்பாடு உள்ளபோது 14 கிலோமீற்றர் வரையும் எட்டியது. மேலும், தூணின் அண்மையில் அறைதல் தொடங்குவதற்குச் சில மணித்தியாலங்கள் முன்னரேயே விலங்குகள் குறையத் தொடங்கின. கப்பல்களின் போக்குவரத்தும் ஆயத்த வேலைகளும் இதற்குக் காரணமாகலாம்.

செவியைக் காக்கும் வரம்பு 160 தெசிபெல். நடத்தை மாறத் தொடங்கும் மட்டம் 143 தெசிபெல். இடைப்பட்ட 17 தெசிபெல் என்பது சக்தியில் ஐம்பது மடங்கு வேறுபாடாகும். உடற்காயத்தை மட்டும் தீங்கெனக் கொள்ளும் சட்டம் இவ்விடைவெளியைக் காண்பதில்லை. இதனை உணர்ந்தே ஜேர்மன் சுற்றாடல் அமைச்சு 2013 இல் வெளியிட்ட ஒலிப்பாதுகாப்புத் திட்டத்திற் பரப்பு வரம்பொன்றையும் சேர்த்தது. வடகடலில் ஜேர்மனிக்குரிய பொருளாதார வலயத்தின் நூற்றுக்கு 10 க்கு மேற்பட்ட பரப்பு ஒரே வேளையில் ஒலிக்குட்படலாகாது. கடற்பன்றிகள் செறிந்து வாழும் பகுதியில் மே முதல் ஓகஸ்ட் வரை நூற்றுக்கு 1 க்கு மேற்படலாகாது என்பன அதன் சாரமாகும்.

பாதுகாப்புக்கென இடப்பட்ட ஏற்பாடே இடையூறாகிய நிகழ்ச்சியும் உண்டு. அறைதலுக்கு முன் விலங்குகளை அகற்றும் நோக்குடன், கடல்நாய்களை விரட்டப் பயன்படும் உரத்த ஒலிக்கருவிகள் இயக்கப்பட்டன. டான்டிஸ்க் தொகுதி அமைக்கப்பட்டபோது நடந்த ஆய்வின் முடிவுகள் 2017 இல் வெளிவந்தன. குமிழித்திரை அறைதலொலியைப் பெரிதும் தணித்திருந்த நிலையில், விரட்டும் கருவியின் ஒலியோ 12 கிலோமீற்றர் வரை கடற்பன்றிகளை அகற்றியது. ஒவ்வோர் ஏற்பாட்டின் பயனையும் விலங்கின் நடத்தையைக் கொண்டே அளத்தல் வேண்டும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

முரண்பாட்டின் இயல்பு

காற்றாலைகள் நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் மாற்றாக எழுபவை. காபனீரொட்சைட்டினால் கடல் வெப்பமடைதலும் அமிலமடைதலும் கடற்பன்றிக்கும் மீனுக்கும் நீண்டகாலக் கேடாகும். எனவே ஒலியைக் காட்டிக் காற்றாலைகளையே எதிர்ப்பது நமது நிலைப்பாடன்று. காற்றாலை நன்மை தருவது என்பதனால் அதன் கட்டுமானம் பற்றி வினவலாகாது என்னும் வாதத்தையும் நாம் ஏற்பதற்கில்லை. வடகடல் அனுபவத்தில் மின்சாரமும் கிடைத்தது, ஒலியும் குறைந்தது. இரண்டும் ஒருங்கே இயலும் என்பது நடைமுறையில் நிறுவப்பட்டுள்ளது.

சம்மட்டியே தேவைப்படாத அத்திவாரங்களும் உள. உலகின் முதலாவது கடற்காற்றாலைத் தொகுதியாக டென்மார்க்கின் விண்டபி 1991 இல் அமைக்கப்பட்டபோது, அது தன் எடையினாலேயே கடலடியில் நிற்கும் கொங்கிறீற்று அத்திவாரங்களைக் கொண்டிருந்தது. உறிஞ்சல் விசையினால் மண்ணிற் பதியும் வாளி வடிவ அத்திவாரங்கள் ஜேர்மன் கடலிற் பயன்பட்டுள்ளன. 2017 இல் ஸ்கொட்லாந்துக்கு அப்பால் நிறுவப்பட்ட ஹைவின்ட் தொகுதியின் ஐந்து காற்றாலைகளும் மிதப்பவை. இவற்றுள் எது தெரிவு செய்யப்படும் என்பதை மண்ணும் ஆழமும் மட்டும் தீர்மானிப்பதில்லை, செலவும் தீர்மானிக்கின்றது. ஒலிக்கு வரம்பில்லாத இடத்திற் குறைந்த செலவுடைய முறையே தெரிவாகும். அவ்வாறு மிச்சமாகும் பணம் கட்டுமானக் கம்பனியிடம் தங்க, அதன் சுமை கடலின்மீதும் கடலை நம்பி வாழ்வோர்மீதும் விழுகின்றது.

பாதிப்பின் கனதி விலங்கினத்தின் தொகையையும் பொறுத்தது. 2022 இல் நடத்தப்பட்ட பெருங் கணக்கெடுப்பின்படி வடகடலிற் கடற்பன்றிகளின் தொகை ஏறத்தாழ 3,40,000 ஆகும். 1994 முதல் எடுக்கப்பட்ட கணக்கெடுப்புகளை ஒப்பிடுமிடத்து வடகடல் முழுவதிலும் அத்தொகை பெரிதும் குன்றிவிடவில்லை என்பதையும் நேர்மையுடன் கூறுதல் வேண்டும். ஆனால் அயலிலுள்ள பால்ரிக் கடலின் நடுப்பகுதியில் வாழும் கடற்பன்றிகள் ஏறத்தாழ 500 மட்டுமே என 2011 முதல் 2013 வரை நடந்த ஆய்வு மதிப்பிட்டது. பெருந்தொகை தாங்கக்கூடிய இடையூறு சிறுதொகைக்கு அழிவாக முடியலாம்.

நமது கடல்

மன்னார் வளைகுடாவும் பாக்குநீரிணைப் பகுதியும் காற்று வளம் மிக்கவை. 2015 இல் தேசிய கடற்காற்று வலுக் கொள்கையை வகுத்த இந்திய அரசாங்கம், குஜராத்துக்கு அப்பால் 500 மெகாவாற்றும் தமிழ்நாட்டுக்கு அப்பால் 500 மெகாவாற்றும் கொண்ட முதல் திட்டங்களுக்கான நிதியுதவிக்கு 2024 இல் அங்கீகாரம் வழங்கியது. இலங்கைக்கான கடற்காற்று வலு வழிவரைபு ஒன்றை உலக வங்கிக் குழுமம் 2023 இல் வெளியிட்டது. ஆகவே இங்கு எடுத்துரைத்த பிரச்சினை நமக்குத் தொலைவிலுள்ளதன்று.

இக்கடல்களிற் கடற்புற்களை மேய்ந்து வாழும் கடற்பசு, தொகையில் மிக அருகிவிட்ட விலங்காகும். பறவையொலியை ஒத்த கீச்சொலிகளால் அது தன் இனத்துடன் தொடர்பு கொள்கின்றது. தமிழ்நாட்டரசு 2022 இல் பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீற்றர் பரப்பினை அதன் காப்பகமாகப் பிரகடனம் செய்தது. ஒலி அரசியல் எல்லைகளையோ காப்பக எல்லைகளையோ அறியாது. காப்பகத்துக்கு வெளியே அறையப்படும் தூணின் ஒலி உள்ளேயும், ஒரு நாட்டுக் கடலில் எழும் ஒலி மறுநாட்டுக் கடலிலும் கேட்கும். எனவே ஒலிவரம்பு இரு நாடுகளும் ஒருங்கிணைந்து வகுக்க வேண்டியதொன்றாகும்.

வடகடலின் எண்களை அப்படியே பெயர்த்தெடுத்து இங்கு நடுதல் பொருந்தாது. 160 தெசிபெல் என்பது குளிர்கடலில் வாழும் கடற்பன்றியின் செவிக்கென வகுக்கப்பட்ட எண். கடற்பசுவுக்கும் நமது ஓங்கிலுக்கும் கரைவலைக்காரர் எதிர்பார்த்திருக்கும் மீன்கூட்டங்களுக்கும் உரிய எண் இங்கேயே கண்டறியப்பட வேண்டும். பெயர்த்தெடுக்கத்தக்கது அங்கு கையாளப்பட்ட முறையாகும். முதலாவதாக, ஒரு தூணேனும் அறையப்படுமுன், கடலின் இயல்பான ஒலியும் அதில் வாழ்வனவற்றின் நடமாட்டமும் எல்லாப் பருவங்களிலும் பதிவு செய்யப்படல் வேண்டும். எப்பருவத்தில் எம்மீன் எங்கே கூடும் என்பதைத் தலைமுறைகளாக அறிந்துள்ள மீனவரின் அறிவு அப்பதிவின் பகுதியாக வேண்டும். இரண்டாவதாக, வரம்பு குறித்த தூரத்தில் அளக்கத்தக்க எண்ணாகச் சட்டத்தில் இடம்பெறல் வேண்டும். மூன்றாவதாக, அவ்வளவீடுகளைக் கட்டுமானக் கம்பனியைச் சாராதோர் மேற்கொண்டு, மக்கள் அறிய வெளியிடல் வேண்டும்.

இவற்றுள் முதலாவது பணிக்கு அரசாங்கங்களின் முடிவை எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. நீரடி ஒலிவாங்கிகளை நங்கூரமிட்டு ஓராண்டு ஒலியைப் பதிவு செய்வது நமது பல்கலைக்கழகங்களின் பௌதிகவியல், விலங்கியல், மீன்பிடியியல் துறைகளின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதன்று. கட்டுமானம் தொடங்கிய பின் அவ்வளவீட்டைச் செய்தற்கு வாய்ப்பில்லை. கடல் இன்று எவ்வாறு ஒலிக்கின்றது என்பதை இன்றே பதிவு செய்தல் நமது உடனடிக் கடமையாகும்.